மேனுவல் 86-க்கு ஸ்போர்ட் மோடு போடலாமா? போட்டவங்க சொல்லுங்க

#1 செந்துல்_பையன் (வியாழன், இரவு 11:40)

வணக்கம். ரெண்டு வருஷமா இங்கே சும்மா படிச்சுட்டுப் போறவன், இன்னிக்குத்தான் வாயைத் திறக்கிறேன்.

காடி டொயோட்டா 86 (ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காடி), 2014, ரீகோன் (ஜப்பான்லேர்ந்து வந்த பழைய காடி), ஆறு கியர் மேனுவல். கைக்கு வந்து எட்டு மாசம். இதுக்கு முன்னாடி ஒரு 1.4 டர்போ ஆட்டோ வச்சிருந்தேன். அதை வித்துட்டு இதை எடுத்தேன். "பின்னாடி சீட்டுல பிள்ளையோட கால் எங்கே போகும்?"னு வீட்டுல கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல, அது வேற கதை.

போன ஞாயிறு கூட்டாளியோட கெந்திங் போனோம். அவனதும் 86தான், ஆனா ஆட்டோ. கோம்பாக் டோல் தாண்டின ஏத்தத்துல முன்னாடி ஒரு மணல் லோரி. கியர் பக்கத்துல இருக்கிற ஸ்போர்ட் பட்டனைத் தட்டிட்டு மிதிச்சான். எஞ்சின் சுத்தைக் காட்டற ஊசி துள்ளி மேலே போச்சு, காடி பாஞ்சிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு அதே ஏத்தத்துல நான் தனியா போய்ப் பார்த்தேன். நாலாவது கியர், 90. முழுசா மிதிச்சேன். பெருமூச்சு விட்டுட்டு, 'போய்த்தான் ஆகணுமா?'ன்னு கேட்கிற மாதிரி மெதுவா கிளம்புது. ஒரே எஞ்சின்தானே ரெண்டுலயும்?

என் மேனுவல்ல அந்தப் பட்டன் கிடையாது. மூணு வழி இருக்கிற மாதிரி தெரியுது:

ஹாஃப்-கட் கடையில (பழைய காடிச் சாமான் விக்கிற கடை) ஆட்டோ 86-ஓட கியர் பேனல் சுவிட்சோட 250 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்குது. இல்லேன்னா துரோட்டில் கண்ட்ரோலர், 600 வெள்ளி பக்கம். இல்லேன்னா இசியூ டியூன் (எஞ்சின் கம்ப்யூட்டரோட புரோகிராமை மாத்தறது), கேட்ட இடத்துல 2,800 வெள்ளி சொன்னாங்க.

எதுல காசு போடறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க அண்ணே.

#2 பத்துமலை_பாஸ் (வியாழன், இரவு 11:52)

ஸ்போர்ட் மோடு உன் காடியில ஏற்கனவே இருக்கு தம்பி. இடது கை, இடது கால். செலவு 0 வெள்ளி.

#3 கெப்போங்_போமென் (வெள்ளி, காலை 7:15)

பாஸ், இந்த ஜோக்கை ஒவ்வொரு மேனுவல் இழையிலயும் போடறீங்க. பையன் நியாயமாத்தான் கேட்கிறான்.

தம்பி, அந்த 250 வெள்ளிப் பேனலை முதல்ல மறந்துடு. சுவிட்ச் தனியா ஒரு வேலையும் செய்யாது. 'இவன் ஸ்போர்ட் கேட்கிறான்'னு ஒரு சிக்னல் அனுப்பும், அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கிட்டு கியரை எந்த ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) வரைக்கும் பிடிச்சு வைக்கணும், எப்ப கீழே இறக்கணும், இறக்கும்போது எஞ்சினை எவ்வளவு தட்டிவிடணும்னு முடிவு பண்றதுல பெரும்பங்கு ஆட்டோ கியர்பாக்ஸோட கம்ப்யூட்டருக்கு. உன் கியர்பாக்ஸுக்கு அப்படி ஒரு கம்ப்யூட்டரே கிடையாது. பேனலை மாட்டினா பட்டன் அழகா இருக்கும், அமுக்கினா 'டிக்'குன்னு சத்தம் வரும். போன வருஷம் ஒருத்தர் மாட்டித்தான் ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னார். மாட்டிக் கொடுத்தேன். இப்பவும் அமுக்கிக்கிட்டுதான் இருக்கார்.

உன் காடியில உண்மையா இருக்கிற பட்டன் விஎஸ்சி ஸ்போர்ட் (விஎஸ்சின்னா காடி வழுக்காமப் பிடிக்கிற சிஸ்டம்). அது வேகத்துக்கு இல்ல. பின்பக்கம் கொஞ்சம் வழுக்க விட்டுட்டு அப்புறம் பிடிக்கும். பக்கத்துல இருக்கிற டிராக்‌ஷன் பட்டனை மூணு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா எல்லாமே ஆஃப். மழை நாள்ல ரோட்டுல அதைத் தொடாதே.

2012, 2013 காடி வச்சிருக்கிறவங்க வால்வ் ஸ்பிரிங் ரீகால் (கம்பெனியே கூப்பிட்டுச் சரிசெய்யறது) முடிஞ்சிருக்கான்னு சாசி நம்பரை வச்சுப் பார்த்துக்குங்க. உனக்கு 2014, தேவைப்படாது. ஆனாலும் ரீகோன்ல வருஷத்தை யார் சொன்னாங்கன்னு ஒரு தடவை பார்த்துக்கோ.

#4 செந்துல்_பையன் (வெள்ளி, காலை 9:02)

நன்றி அண்ணே. பேனல் கேன்சல். அப்ப துரோட்டில் கண்ட்ரோலர்? வீடியோவுல எல்லாம் மாட்டினதும் காடி குதிக்குதே.

#5 பாயான்_லெப்பாஸ்_அக்கா (வெள்ளி, மதியம் 1:20)

சாப்பாட்டு நேரத்துல எழுதறேன், பிழை இருந்தா மன்னிச்சுக்குங்க. எனக்கு வேலையே சென்சார் டெஸ்டிங், அதனால கொஞ்சம் நீளமாப் போகும்.

உங்க காடியில மிதிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல கம்பி கிடையாது. மிதிக்கு மேலே ஒரு சென்சார். நீங்க எவ்வளவு மிதிச்சீங்கன்னு அது வோல்ட்டேஜாச் சொல்லும். ஒரு சிக்னல் இல்ல, ரெண்டு. ரெண்டும் சேர்ந்தே ஏறி சேர்ந்தே இறங்கணும். இசியூ எந்நேரமும் ரெண்டையும் ஒத்துப் பார்த்துக்கிட்டே இருக்கும். ஒண்ணு ஒரு கதையும் இன்னொண்ணு வேற கதையும் சொன்னா ரெண்டையும் நம்பாது, பவரைக் குறைச்சு ஊர விட்டுடும். பாதுகாப்புக்காகத்தான் அப்படி வச்சிருக்காங்க.

கண்ட்ரோலர்ங்கிறது இந்தச் சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவுல உட்கார்ற ஒரு டப்பா. நீங்க 20 மிதிச்சா அது இசியூகிட்ட 40ன்னு சொல்லும். 50 மிதிச்சா 85ன்னு சொல்லும். 100 மிதிச்சா? 100தான். அதுக்கு மேலே சொல்ல அதுகிட்ட எதுவும் இல்ல. இதுதான் மொத்த ரகசியமும். எஞ்சினுக்கு ஒரு குதிரைசக்திகூடக் கூடாது. முழுசா மிதிக்கிறவருக்கு டப்பா இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

அப்புறம் ஏன் குதிக்குது? சமையலறைக் குழாயை நினைச்சுக்குங்க. கால் திருகு திருகினாலே பாதிக்கு மேலே தண்ணி வந்துடும், மீதி முக்கால் திருகுக்குப் பெரிசா வித்தியாசம் தெரியாது. எஞ்சினுக்குக் காத்து விடற துரோட்டில் மூடியும் குறைஞ்ச ஆர்பிஎம்ல அப்படித்தான். டப்பா அந்த முதல் கால் திருகைச் சட்டுன்னு திருகி விடுது. நம்ம முதுகு அதை 'பவர்'னு எடுத்துக்குது.

இப்ப உங்க பதிவுக்கு வரேன். //முழுசா மிதிச்சேன்// அப்படின்னு எழுதியிருக்கீங்க. முழுசா மிதிச்சும் போகலேன்னா, மிதியைப் பெருக்கிக் காட்டற டப்பாவால உங்களுக்கு என்ன பிரயோஜனம்? காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் கண்டுபிடிங்க.

#6 செராஸ்_கொப்பி (வெள்ளி, மாலை 6:48)

அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனா கண்ட்ரோலரை ஒரேயடியாத் திட்டாதீங்க. என் 86லயும் மேனுவல்தான், மூணு வருஷமா மாட்டியிருக்கேன், சந்தோஷமா இருக்கேன். பவர் கூடாதுன்னு எனக்கும் தெரியும். காலையில எம்ஆர்ஆர்2 ஹைவேல ஏறும்போது மிதிச்சதும் உடனே பதில் வருது பாருங்க, எனக்கு அது பிடிச்சிருக்கு. கியர் இறக்கும்போது மிதியைத் தட்டி ஆர்பிஎம் ஏத்தறதும் சுலபமா இருக்கு. லேசாத் தொட்டாப் போதும், ஷூ சைஸ் 7 காலுக்கு அது பெரிய உதவி. எல்லாத்தையும் குதிரைசக்தியில அளந்தா நாம யாருமே 86 வாங்கியிருக்க மாட்டோம்.

தம்பி, வேணும்னா ஒரு வாரம் என்னதை மாட்டிப் பாரு. கழட்ட அஞ்சு நிமிஷம்.

#7 பாலேக்_புலாவ்_ரைடர் (வெள்ளி, இரவு 8:30)

மாட்டறதா இருந்தா ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. ஆன்லைன்ல மலிவா வந்த ஒண்ணை வாங்கி நானே மாட்டினேன், எந்தக் கம்பெனின்னு டப்பாவுலயே போடல. நாலு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் பினாங்கு பாலத்து நடுவுல, சாயங்காலம், சரியான மழை. கனெக்டர் லூசாகி மிதி செத்துப் போச்சு. எவ்வளவு மிதிச்சாலும் 30க்கு மேலே போகல. 13.5 கிலோமீட்டர் பாலம் அன்னிக்கு எனக்கு சிங்கப்பூர் வரைக்கும் நீண்ட மாதிரி இருந்துச்சு. பின்னாடி ஹார்ன் அடிச்ச ஒவ்வொருத்தர் முகமும் ஞாபகம் இருக்கு.

அக்கா சொன்ன 'ரெண்டு சிக்னல்' விஷயம் அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா பாதிப் பயம் குறைஞ்சிருக்கும்.

#8 ஜிடிஐ_வாத்தியார் (சனி, காலை 10:05)

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். இன்னும் ஒரு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ வைத்திருக்கிறேன். அதில் மிதிக்கும் துரோட்டிலுக்கும் நடுவே ஒரு கம்பிதான், ஏமாற்ற இடமே இல்லை. ஆகவே கண்ட்ரோலர் பற்றி நான் பேசப் போவதில்லை. தம்பியின் முதல் பதிவில் ஒரு வரி கண்ணில் பட்டது: "நாலாவது கியர், 90." எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பழக்க தோஷம், பென்சிலை எடுத்துவிட்டேன்.

இந்த 86 மேனுவலில் இரண்டாம் கியர் விகிதம் 2.188, மூன்றாவது 1.541, நாலாவது 1.213. கடைசிப் பற்சக்கர விகிதம் 4.1. டயர் 215/45, 17 அங்குலம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.96 மீட்டர் உருளும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,500 மீட்டர், அதாவது சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 764 சுற்று. இனிப் பெருக்கல் மட்டும்தான்.

நாலாவது கியரில் எஞ்சின்: சுமார் 3,800.
மூன்றாவதில்: சுமார் 4,830.
இரண்டாவதில்: சுமார் 6,850.

இந்த எஞ்சினின் 200 குதிரைசக்தி வருவது 7,000 ஆர்பிஎம்மில். 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையின் உச்சம் 6,400க்கு மேல். நடுவே 3,500 முதல் 4,500 வரை முறுக்குவிசை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். இது 86 ஓட்டுபவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. தம்பி ஏற்றத்தில், சரியாகப் பள்ளத்தின் நடுவில் நின்றுகொண்டு மிதித்திருக்கிறார்.

கூட்டாளியின் ஆட்டோவில் என்ன நடந்தது? "ஊசி துள்ளி மேலே போச்சு" என்று தம்பியே எழுதியிருக்கிறார். ஊசி துள்ளியது என்றால் கியர்பாக்ஸ் கியரைக் கீழே இறக்கியிருக்கிறது. அவர் பார்த்து ஆசைப்பட்டது பட்டனை. வேலை செய்தது கியர்.

பழைய 1.4 டர்போவில் 1,500 ஆர்பிஎம்மிலேயே முழு இழுவையும் வந்துவிட்டிருக்கும். எட்டு மாதத்தில் காடி மாறிவிட்டது, கால் இன்னும் மாறவில்லை போலிருக்கிறது.

#9 பத்துமலை_பாஸ் (சனி, காலை 10:21)

அதாவது வாத்தியார் ஐயா, நான் #2ல சொன்னதையேதான் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கீங்க. இடது கை, இடது கால்.

#10 ஜிடிஐ_வாத்தியார் (சனி, காலை 10:40)

விடை சரி. வழிமுறை காட்டாததால் பாதி மதிப்பெண்.

#11 செந்துல்_பையன் (சனி, மதியம் 12:10)

ஐயா, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். கொஞ்சம் வெட்கமா இருக்கு. உண்மைதான், 3,000 வந்தா கை தானா மேல் கியருக்குப் போயிடும். 5,000 தாண்டினா எஞ்சினைக் கொடுமைப்படுத்தற மாதிரி மனசு கிடந்து அடிச்சுக்கும்.

ஆனா ஒரு சந்தேகம். வேற காடியில எல்லாம் மேனுவலுக்கும் ஸ்போர்ட் மோடு வச்சுத்தானே விக்கிறாங்க? அதெல்லாம் சும்மாவா?

#12 டாமன்சாரா_ஆர் (சனி, மதியம் 2:35)

சும்மா இல்ல. என்கிட்ட எஃப்கே8 சிவிக் டைப் ஆர் இருக்கு, மேனுவல் மட்டும்தான் அதுல. கம்ஃபர்ட், ஸ்போர்ட், பிளஸ் ஆர்னு மூணு மோடு. பிளஸ் ஆர் போட்டா டேம்பர் (சக்கரத்துக் குலுக்கலை அடக்கற சாமான்) இறுகும், ஸ்டியரிங் கனக்கும், துரோட்டில் மாறும். மேடு பள்ளத்துல பல்லு ஆடறது உண்மையான வித்தியாசம், கற்பனை இல்ல. ஜிஆர் யாரிஸ் முதல் தலைமுறையைப் பாருங்க, அதுலயும் மேனுவல்தான். நார்மல்ல முன்னாடி பின்னாடி 60:40, ஸ்போர்ட்ல 30:70, டிராக்ல 50:50. பட்டனைத் திருப்பினா எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு போகணும்ங்கிறதே மாறுது.

அந்தக் காடிகள்ல பட்டனுக்குப் பின்னாடி ஒரு சாமான் உட்கார்ந்திருக்கு: மின்சாரத்துல இறுகற டேம்பர், நடுவுல ஒரு கிளட்ச். உன் 86ல டேம்பர் ஒரே இறுக்கம்தான், சக்தி போறது பின் சக்கரத்துக்கு மட்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5லயும் இதே கதைதான், ஸ்போர்ட் சுவிட்ச் ஆட்டோவுக்கு, மேனுவலுக்கு இல்ல. இல்லாததை எதை வச்சு மாத்துவே?

எனக்கு 86 மேல பொறாமை உண்டு, அதையும் சொல்லிடறேன். நான் செபாங் ரேஸ் டிராக்ல ஒரு சுத்து வந்தா பாதி நேரம் காடி எனக்காக என்ன செய்யுதுன்னு யோசிச்சுக்கிட்டிருப்பேன்.

#13 கெப்போங்_போமென் (சனி, இரவு 9:50)

கடையைச் சாத்திட்டு வரேன். மூணாவது வழி, இசியூ டியூன், அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கலையே.

உண்மையா எஞ்சின்ல மாத்தம் வேணும்னா இதுதான் வழி. வாத்தியார் சொன்ன அந்தப் பள்ளத்தை ஹெடர் (எஞ்சின்லேர்ந்து புகை வெளியேறற முதல் குழாய்) மாத்தி அதுக்கேத்த டியூன் போட்டா நல்லாவே நிரப்பலாம். ஹெடர் இல்லாம டியூன் மட்டும் போட்டா ஓரளவுக்கு. நல்ல சாஃப்ட்வேர்னா மேப் (டியூன் செட்டிங்) நாலு வரைக்கும் ஏத்தி வச்சுக்கிட்டு ஓட்டும்போதே மாத்திக்கலாம். குரூஸ் கண்ட்ரோல் தண்டு இருக்கிற காடியில அதை வச்சே மாத்துவாங்க. ஜாமுக்கு ஒண்ணு, மலைக்கு ஒண்ணு, காடியை வாங்கிப் பார்க் பண்ற ஜோக்கேக்கு ஒண்ணு. நீ கேட்ட 'ஸ்போர்ட் மோடு'க்கு மேனுவல்ல ரொம்பக் கிட்ட வர்றது இதுதான்.

ஆனா மூணு விஷயம். இந்த எஞ்சினோட கம்ப்ரெஷன் 12.5, அதிகம், அதனால ரோன் 97 பெட்ரோலை வச்சு டியூன் பண்ணிட்டு மாசக் கடைசியில 95 ஊத்தறவனா இருந்தா என் கடைப் பக்கமே வராதே. ரெண்டாவது, கேட்டலிட்டிக் (புகையைச் சுத்தம் பண்ற சாமான்) இல்லாத ஹெடர் போட்டா சத்தமும் கூடும், புகையும் கூடும். ரோட் பிளாக்ல நிறுத்தினா ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஆபீசர்கிட்ட எஞ்சின் பவரை அளந்த டைனோ பேப்பரைக் காட்டிப் பிரயோஜனம் இல்ல. மூணாவது, இன்சூரன்ஸ்காரன்கிட்ட சொல்லிட்டுச் செய். சொல்லாமச் செஞ்சவன் கதை என்கிட்ட ரெண்டு இருக்கு, ரெண்டும் நல்லா முடியல.

நானா இருந்தா 2,800ஐ இப்பத் தொடமாட்டேன். கியர் ஆயில் மாத்து, பிரேக் ஆயில் மாத்து, டயரைப் பாரு. ரீகோன்ல வந்த டயர் எந்த வருஷத்துதுன்னு பார்த்தியா? பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்.

#14 பாயான்_லெப்பாஸ்_அக்கா (சனி, இரவு 10:30)

வாத்தியார் ஐயா கணக்கு அருமை. ஆனா எனக்கு இன்னும் ஒரு உறுத்தல் இருக்கு. பள்ளத்துல இருந்தாலும் 200 குதிரைசக்திக் காடி, 1,240 கிலோ பக்கம்தான் எடை. 'பெருமூச்சு விடற' அளவுக்கு மோசமா இருக்காது.

50 வெள்ளிக்கு ஒரு ஓபிடி டாங்கில் (காடியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற சின்ன பிளக்) வாங்கிப் போன்ல ஆப்போட இணைங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேணாம், சாவி மட்டும் ஆன். 'ஆக்ஸிலரேட்டர் பெடல் பொசிஷன்'னு ஒரு அளவு வரும். கால் வைக்காதப்போ பூஜ்ஜியம் காட்டாது, 16 போல காட்டும். அது வோல்ட்டேஜோட கணக்கு, பயப்படாதீங்க. முழுசா மிதிச்சாலும் 100 வராது. முழுசா மிதிச்சு எவ்வளவுன்னு எழுதிக்குங்க. அப்புறம் காலடி மேட்டை எடுத்துட்டுத் திரும்ப மிதிங்க. ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கணும்.

#15 செந்துல்_பையன் (ஞாயிறு, மாலை 5:17)

அக்கா. நீங்க மனுஷியே இல்ல.

மேட்டோட: 61.
மேட் இல்லாம: 74.

காடி வாங்கின வாரமே ஒரு கடையில 'எட்டு மில்லிமீட்டர், ஃபுல் கவர், தண்ணி நிக்காது'ன்னு சொல்லி 280 வெள்ளிக்கு ஒரு மேட் தலையில கட்டினாங்க. அசல் மேட்டுக்கு மேலேயே போட்டுக் கொடுத்தாங்க, நானும் 'டபுள் பாதுகாப்பு'ன்னு சந்தோஷமா வந்துட்டேன். இன்னிக்குக் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா மிதியோட கீழ் ஓரம் மேட்ல பதிஞ்சு பதிஞ்சு கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். எட்டு மாசமா நான் முழுசா மிதிச்சது காடியை இல்ல, மேட்டை.

ஆட்டோ வச்சிருக்கிற கூட்டாளி பக்கத்துலயே நின்னான். இன்னும் சிரிச்சு முடிக்கல.

#16 பாயான்_லெப்பாஸ்_அக்கா (ஞாயிறு, மாலை 5:40)

சிரிக்கிற விஷயமும்தான், பயப்பட வேண்டிய விஷயமும்தான். மேட் மிதிக்குக் கீழே இருந்தா முழுசா மிதிக்க விடாது. நழுவி மேலே வந்தா மிதியைப் பிடிச்சுக்கிட்டு விடாது. 2009ல அமெரிக்காவுல இந்தக் காரணத்துக்காகத்தான் டொயோட்டா 3.8 மில்லியன் காடிக்கு ரீகால் அறிவிச்சு, ஓட்டுநர் பக்க மேட்டை உடனே எடுத்துடச் சொன்னாங்க. ஒரு மேட்டுக்கு மேலே இன்னொரு மேட் எப்பவும் போடாதீங்க. அசல் மேட்டைத் தரையில இருக்கிற கொக்கியில மாட்டிட்டு ஓட்டுங்க.

இன்னொண்ணு, நேர்மையாச் சொல்லணும்: மேட் பறிச்சது மிதியோட கடைசிப் பகுதியை மட்டும்தான். வாத்தியார் சொன்ன கியர்க் கணக்கு அப்படியே நிக்குது. ரெண்டும் சேர்ந்துதான் உங்களைக் கவுத்திருக்கு.

#17 மைவி_மன்னன் (ஞாயிறு, இரவு 7:05)

இதைப் படிச்சுட்டு ஓடிப்போய் என் சின்னக் காடி, பெரோடுவா மைவியைப் பார்த்தேன். மேட் நல்லாத்தான் இருக்கு. அப்ப என் காடி உண்மையிலேயே மெதுவு. நன்றி.

#18 செந்துல்_பையன் (அடுத்த சனி, இரவு 11:15)

ஒரு வார அறிக்கை.

திங்கள்லேர்ந்து புதன் வரைக்கும் மேட் இல்லாம, வேற எதுவும் மாத்தாம ஓட்டினேன். வியாழக்கிழமை செராஸ் அண்ணன்கிட்ட கண்ட்ரோலரை வாங்கி மாட்டினேன். காலையில ஜாலான் கூச்சிங் ஜாம். முதல் கியர்ல கிளட்சை விட்டு மிதியைத் தொட்டா ஆர்பிஎம் 2,500க்குத் துள்ளுது. முன்னாடி போய் முட்டற மாதிரி ஆகி பிரேக், திரும்பத் துள்ளல். வீட்டுக்காரம்மா கையில கொப்பி ஐஸ் பொட்டலம். செகாம்புட் ரவுண்டபவுட் வர்றதுக்குள்ள பாதி டேஷ்போர்டுல. 'இதுதான் அந்த ஸ்போர்ட்டா?'ன்னு ஒரே ஒரு கேள்வி. டப்பாவைக் குறைஞ்ச லெவலுக்கு மாத்தினேன். அப்ப கண்ட்ரோலர் இல்லாத மாதிரியே இருந்துச்சு.

இன்னிக்குக் காலையில ஆறரைக்கு அதைக் கழட்டிட்டு பத்து டேம் வழியா உலு யாம் போனேன். ரோடு காலி, பனி இன்னும் இறங்கல. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி நாலாவதைத் தொடவே இல்ல. ரெண்டு, மூணு, ரெண்டு, மூணு. 5,000 தாண்டும்போது வழக்கம்போல கை மேல் கியருக்குப் போச்சு, பிடிச்சு நிறுத்தினேன். 6,000ல எஞ்சின் சத்தம் மாறுது. கரகரப்பு போயி இறுகி ஒரே குரலாகுது. எட்டு மாசமா என்கிட்ட இருந்த காடிதான், ஆனா அந்தக் குரலை இன்னிக்குத்தான் கேட்டேன். ரெண்டாவது கியர்லயே 90ஐத் தாண்டிடுது, அந்த ரோட்டுல அதுக்கு மேலே யாருக்கு வேணும். வளைவுக்கு முன்னாடி மூணுலேர்ந்து ரெண்டுக்கு இறக்கும்போது மிதியைத் தட்டி ஆர்பிஎம் ஏத்தப் பழகினேன். பத்துல நாலு தடவை சரியா வந்துச்சு. மீதி ஆறு தடவை தலை முன்னாடி போச்சு.

டியூன் இப்போதைக்கு இல்ல. டயர்ல 3113ன்னு இருக்கு அண்ணே. 2013, 31ஆவது வாரம். காசு அங்கே போகுது.

#19 கெப்போங்_போமென் (ஞாயிறு, காலை 8:20)

3113 டயர்ல உலு யாம் போய்ட்டு முழுசா வந்திருக்கே. முதல்ல அதுக்கு பத்துமலை முருகனுக்கு ஒரு தேங்காய் உடை. திங்கட்கிழமை வா, டயர் பார்க்கலாம்.

#20 செராஸ்_கொப்பி (ஞாயிறு, காலை 9:30)

என் மேட்டையும் பார்த்துட்டேன், கொக்கியில பத்திரமா இருக்கு. நம்பரும் மேட்டோட, மேட் இல்லாம ஒண்ணுதான். அதனால சொல்றேன், எனக்குக் கண்ட்ரோலர் பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கும். ஜாம்ல துள்ளறது உன் கால் பழகாததால. முதல் வாரம் எனக்கும் அப்படித்தான்.

அது சரி, எப்ப திருப்பித் தரே? டப்பா இல்லாம என் காடி தூங்கி வழியுது.

#21 செந்துல்_பையன் (ஞாயிறு, காலை 9:44)

இன்னிக்கு ராத்திரி 9 மணி, உங்க வீட்டுப் பக்கத்து மாமாக் கடை. கொண்டு வந்து தரேன் அண்ணே, தே தாரிக் என் கணக்கு. கனெக்டர்ல கொப்பி கொஞ்சம் பட்டுருக்கு, துடைச்சுட்டேன்.

#22 செராஸ்_கொப்பி (ஞாயிறு, காலை 9:45)

என்னது?